முகூர்த்தக் காய்ச்சல்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. முகூர்த்தக் காய்ச்சல். முதலில் அதை என் அப்பாவுக்குத்தான் வைத்தார்கள். நாங்கள் அவரை அய்யா என்போம். முகூர்த்த நாளில் வேலை கழுத்தை நெரிக்கும்போது, சொல்லிவைத்த மாதிரி மத்தியானம் அய்யாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். கண் சிவந்து, முழங்கால் பிடித்துக்கொண்டு, முதுகும் தொடையும் திட்டுத் திட்டாகத் தடித்து, காலிச் சாக்கின் மேல் சுருண்டு படுத்துவிடுவார். மறுநாள் விடியும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து கடை திறப்பார். பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்றுதான் நினைத்தார்கள். பெயர் வைத்தவர் எதிர்க்கடை அண்ணாச்சி. கெட்ட மனிதர் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது.

அய்யா போன பிறகு கடையை நான் நடத்துகிறேன். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏலத்தில் நின்று கத்துகிற பெண்கள் எங்கள் மார்க்கெட்டில் குறைவு. நான் கத்துவேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும், அது இல்லாவிட்டால் இந்த மார்க்கெட்டில் என்னை உட்காரவே விட்டிருக்க மாட்டார்கள். கடையோடு சேர்ந்து அந்தப் பட்டப்பெயரும் எனக்கு வந்தது. ஏனென்றால் அய்யாவின் காய்ச்சல் எனக்கும் இருந்தது. மழையில் நனைந்தபடி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இருந்தது. மார்க்கெட்டுக்கு வந்த பிறகு அடிக்கடி வந்தது, முகூர்த்த நாளென்றால் தவறாமல் வந்தது.

இதற்கு எங்கள் ஊரில் யாரும் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. பூ வியாபாரிக்கு உடம்பு தடித்தால் பூநாகம் தீண்டிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். மல்லிகைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நூல் மாதிரி ஒரு பூச்சி இருக்குமாம். அது தீண்டினால் தெரியாதாம், அப்புறம்தான் விஷம் ஏறுமாம். படித்தவர்கள் பூநாகத்தை விட்டுவிட்டுப் பூச்சிமருந்து என்றார்கள். மல்லிக்கு அடிக்கிற மருந்து உடம்பில் ஏறுகிறது என்றார்கள். எது எப்படியோ, குற்றவாளி பூதான் என்பதில் ஊர் முழுக்க ஒரே கட்சி.

விஷக்கடி என்றால் எங்கள் ஊருக்கு வெளியூரிலிருந்தே ஆள் வருவார்கள். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினால் தோல் வியாதியும் விஷக்கடியும் இறங்கும் என்பது நம்பிக்கை. நான் உள்ளூர்க்காரி, எனக்குக் கேட்கவா வேண்டும்? விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் தலைக்கு ஊற்றி, ஈரச்சேலையோடு கோயிலுக்கு நடந்து, பாம்பும் தேளும் அடித்த தகடு வாங்கி உண்டியலில் போட்டு, வீட்டுக்கு வந்து புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து உடம்பெல்லாம் பூசிக்கொண்டு காயும்வரை முற்றத்துக் காற்றில் உட்கார்ந்திருப்பேன். எட்டு மணிக்கு மேல் தடிப்பு இரண்டு மடங்காகிவிடும். பத்து மணிக்குள் குளிர்நடுக்கம் வந்துவிடும். தெருவே சந்தோஷப்படும். "பாத்தியா, விஷத்தை வெளிய தள்ளுது" என்பார்கள். நானும் நம்பினேன். அதிகமானால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், குறைந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். எப்படிப் போனாலும் ஜெயிக்கிற கணக்கு அது.

என் வீட்டுக்காரருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அவருக்குக் கோயிலும் வேண்டும், டாக்டரும் வேண்டும். திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, "ஐஸில் வேலை செய்றீங்களே, குளிர் அலர்ஜியா இருக்குமோ?" என்று ஒரு ஐஸ்கட்டியை என் முழங்கையின் உட்புறம் வைத்துக் கட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். தோல் சிவக்கக்கூட இல்லை. எனக்கு அது முன்பே தெரியும். மல்லிப் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறவள் நான். என் கை இரண்டும் வேலை நேரமெல்லாம் ஐஸில்தான் இருக்கும். இத்தனை வருஷத்தில் கையில் மட்டும் ஒரு தடிப்பு வந்ததில்லை. முதுகில் வரும், வயிற்றில் வரும், தொடையில் வரும், கையில் வராது. ஆகக் குளிருக்கு விடுதலை கிடைத்துவிட்டது. "பூ அலர்ஜிதான். பூவை விட்டுருங்க" என்று டாக்டர் தீர்ப்புச் சொல்லி மாத்திரை எழுதித் தந்தார். மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது. தடிப்பும் காய்ச்சலும் அதுபாட்டுக்கு வந்தன. தூங்கிக்கொண்டே காய்ச்சல் அடித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு. கடையை விட்டுவிடு. "ஒனக்கு என்னட்டி தலையெழுத்து? இந்தப் பூவைக் கட்டிக்கிட்டு அழணும்னு என்ன கெடக்கு? கடையைக் குடுத்துட்டு வீட்ல இரி" என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முகூர்த்த நாளில் மத்தியானம் ஆனால், ஆபீசில் சொல்லிக்கொண்டு, ஒரு கம்பளிப் போர்வையோடு ஆட்டோவில் மார்க்கெட்டுக்கு வந்துவிடுகிற மனிதர். என்னைப் போர்த்தி, ஆட்டோவில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுக்குக்காப்பி போட்டுத் தருவார். மார்க்கெட்டில் அந்தப் போர்வையையும் எல்லோருக்கும் தெரியும். "ஏ, போர்வை வந்துட்டுலே, மணி பன்னெண்டு" என்று பிள்ளைகள் சிரிக்கும். எனக்குக் காய்ச்சலைவிட அதுதான் சுடும்.

ஆனால் கடையை விட எனக்கு மனசில்லை. விட்டால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பன் படுத்துக் கிடந்தான், மகள் ஓடியே போய்விட்டாள் என்பார்கள். அய்யா நடிக்கவில்லை என்பது எனக்கு என் உடம்பால் தெரியும். அதை யாரிடம் போய் நிரூபிப்பது? கடை கையில் இருக்கிறவரைக்குமாவது எதிர்த்துப் பேச ஒரு இடம் இருக்கிறது. இதை வீட்டுக்காரரிடம் சொன்னால், "செத்தவரு பேருக்காவ நீ சாவணுமாக்கும்" என்று சத்தம் போட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதம் முழுக்க நான் கடைக்குப் போகக் கூடாது, பூவைத் தொடக் கூடாது. காய்ச்சல் வராவிட்டால் பூதான் காரணம், தை பிறந்ததும் கடையைக் கைமாற்றிவிட வேண்டும். வந்தால் அவர் வாயைத் திறக்கக் கூடாது. "சாமி மேல சத்தியமா?" என்றார். சத்தியம் செய்தேன். உள்ளுக்குள் எனக்குத் தோற்றுவிடுவோம் என்றுதான் பயம்.

அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டிலிருந்து பூ என்று பெயர் வைத்த எல்லாவற்றையும் ஒழித்துக் கட்டினார். சாமி படத்துக்குத் துளசி மட்டும்தான். மல்லிகை வாசனை ஊதுபத்தி குப்பைக்குப் போனது. பக்கத்து வீட்டு அரளிக் கிளை காம்பவுண்டுக்கு இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, அதை வெட்டச் சொல்லி அவர்களிடம் மனஸ்தாபம் வேறு. நான் மார்கழி வழக்கப்படி இருட்டு பிரியும் முன்பே எழுந்து, தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு வாசலில் பெரிய கோலமாகப் போட்டேன். நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ வைத்தேன், அதுவும் பூதான் என்று இருவருக்குமே தோன்றவில்லை. பனியும் ஊதல் காற்றும் சேர்ந்து பல் கிட்டியது.

பத்து மணிக்கு முதுகில் தடித்தது. மத்தியானம் காய்ச்சல்.

எனக்குக் காய்ச்சலோடு காய்ச்சலாக ஒரே குஷி. "வந்துட்டு பாருங்க! பூ எங்க இருக்கு? காட்டுங்க!" என்று பாயில் படுத்தபடியே கத்தினேன். அவர் வீடு முழுக்கத் தேடினார். பிறகு வாசலுக்குப் போய் அந்தப் பூசணிப்பூவை எடுத்து, என்னவோ பாம்பைப் பிடித்த மாதிரி தூரமாகப் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார். மறுநாள் பூசணிப்பூ இல்லாமல் கோலம் போட்டேன். அன்றும் வந்தது. அந்த மாதம் முழுக்க இப்படியே போனது. கடைக்குப் போன காலத்தில்கூட இவ்வளவு அடுத்தடுத்து வந்ததில்லை. மனிதர் அப்படியே அடங்கிப்போனார். ஜெயித்துவிட்டேன், சரி. ஆனால் பூ இல்லையென்றால் வேறு எது? 

பொங்கலுக்கு மகள் சென்னையிலிருந்து வந்தாள். ஒரே மகள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முந்தின இரவு முழுக்க ரயிலில் ஏசி பெட்டியில் வந்ததாகச் சொன்னாள். கண் இரண்டும் செவேலென்று இருந்தன. தூக்கம் இல்லாததால் என்று நினைத்தேன். குளித்துவிட்டுச் சேலை மாற்றும்போது அவள் முதுகைப் பார்த்தேன். என் முதுகை எனக்கு யாரோ காட்டின மாதிரி இருந்தது.

"ஏட்டி, இது எத்தனை நாளா?" என்றேன்.

"வேலைக்குச் சேந்ததுல இருந்தே இருக்கும்மா. ஆபீஸ் போற நாளெல்லாம் சாயங்காலம் வரும். காச்சல், முட்டு வலி எல்லாம். சொன்னா அப்பா, அம்மாட்ட இருந்து பூ ஒட்டிக்கிச்சும்பாங்க. அதான் சொல்லல."

"சாயங்காலமா? அங்க ஏதுட்டி பூ?"

"எங்க ஆபீஸ்லயா? பூவா? ரிசப்ஷன்ல பிளாஸ்டிக் பூ ஒன்னு வச்சிருக்காங்க."

வீட்டுக்காரர் வாசல்நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பிளாஸ்டிக் பூவுக்குமா அலர்ஜி வரும்?" என்று நிஜமாகவே கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள்தான் பிறகு ஒன்று சொன்னாள். போன கோடையில் ஆபீசில் ஏசி பழுதாகிவிட்டதாம். சரிசெய்ய ஒரு வாரம் ஆனதாம். எல்லோரும் வியர்த்து ஊற்றிக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்க, அவள் ஒருத்திக்கு மட்டும் அந்த வாரம் கண் சிவக்கவில்லை, மூட்டு வலிக்கவில்லை, காய்ச்சல் இல்லை. "அந்த ஒரு வாரந்தாம்மா நான் மனுஷியா இருந்தேன்" என்றாள். சனி ஞாயிறு தன் அறையிலேயே இருக்கும்போதும் வருவதில்லையாம். "ஏசிதான்னு தோணுது. ஆனா குளிர் இல்லைன்னு ஒனக்கு ஐஸ் வச்சுப் பாத்துட்டாங்களே" என்று அவளும் குழம்பினாள்.

மதுரையில் மூட்டு வியாதிகளுக்கென்று இருக்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அவளே நேரம் வாங்கினாள். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அந்த டாக்டரம்மாவுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். இதுவரை பார்த்தவர்கள் எல்லாம் எங்கே தடிக்கிறது, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். இந்தப் பெண் எப்போது என்று கேட்டாள். நனைந்த உடனேயா, பிறகா? கையில் வருமா, உடம்பிலா? அரிக்குமா, எரியுமா? வீட்டில் வேறு யாருக்கு? நான் மார்க்கெட்டில் என் வேலையைச் சொன்னேன். பூ வாடாமல் தண்ணீர் தெளிப்பது, கருகாமல் இருக்கப் பெரிய ஃபேன் வைப்பது, அந்த ஃபேனுக்கு முன்னால் நனைந்த சேலையோடு நிற்பது. மார்கழிக் கோலத்தைச் சொன்னேன். புற்றுமண்ணையும் சொன்னேன், திட்டுவாள் என்று எதிர்பார்த்தபடி.

திட்டவில்லை. சிரித்துவிட்டாள். "அம்மா, ஒரு இடத்துல ஐஸ் வச்சா இது வராது. உங்க கை எவ்வளவு நேரம் ஐஸ்ல இருந்தாலும் வராது. உடம்பு மொத்தமும் குளிரணும். ஈரத்துணி மேல காத்து பட்டா போதும். அதுவும் உடனே வராது, ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுத்தான் வரும். அதனாலதான் யாருக்கும் பிடிபடல. மண்ணைத் தண்ணியில குழைச்சுப் பூசிக் காத்துல காயவிட்டா, அது காயக் காய உடம்பு குளிர்ந்துபோகும். விஷத்தை வெளிய தள்ளல. நீங்களே வரவழைச்சிருக்கீங்க" என்றாள்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்புறம் அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அலர்ஜி என்றால் வெளியிலிருந்து வருகிற பொருள் ஒன்று வேண்டும், பூவோ தூசியோ. எனக்கு வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. நம் ரத்தத்து வெள்ளை அணுக்களுக்குள் ஆபத்தைக் கண்டுபிடிக்கிற ஒரு புரதம் இருக்கிறது. கிருமி வந்தால் அது விழித்துக்கொண்டு, இன்டர்லூக்கின் ஒன்று என்ற செய்திப் பொருளை வெட்டி வெளியே அனுப்பும். அந்தச் செய்தி மூளைக்குப் போனால் காய்ச்சல், மூட்டுக்குப் போனால் வலி, தோலுக்குப் போனால் தடிப்பு, கண்ணுக்குப் போனால் சிவப்பு. கிருமி உண்மையிலேயே வந்திருந்தால் இதெல்லாம் நல்லது. எனக்கு அந்தப் புரதத்தின் மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருக்கலாம், அதனால் உடம்பு குளிர்ந்தாலே அது விழித்துக்கொள்கிறது என்றாள். எங்கள் மார்க்கெட்டில் முன்பு ஒரு வாட்ச்மேன் இருந்தார், பூனை ஓடினாலும் திருடன் என்று விசில் ஊதி எல்லோரையும் கிளப்பிவிடுவார். அந்தக் கதைதான் என் உடம்புக்குள்ளும் என்று புரிந்துகொண்டேன். ஆளே இல்லாத இடத்தில் ஆர்ப்பாட்டம். நான் விழுங்கிய அலர்ஜி மாத்திரைகள் வேறு ஒரு பொருளை அடக்குகிறவை, இந்த இன்டர்லூக்கினை அவை ஏறெடுத்தும் பார்க்காதாம்.

"எங்க பரம்பரையிலயே இருக்குமோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்க அப்பாவுக்கு இருந்திருக்கும். அவர் எப்படி இறந்தார்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அய்யாவுக்குக் கடைசியில் கால் இரண்டும் வீங்கின. முகம் ஊதியது. சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, குடியும் இல்லை. எதனால் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். இன்டர்லூக்கின் ஓயாமல் சுரந்தால் கல்லீரல் ஒரு புரதத்தை அளவுக்கு மீறிச் செய்துகொண்டே இருக்குமாம். வருஷக்கணக்கில் அது சிறுநீரகத்தில் போய்ப் படிந்து அடைத்துவிடுமாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகும் என்றாள். "உங்க அப்பாவைப் பத்தி இப்ப நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா அதுவா இருக்கத்தான் நிறைய வாய்ப்பு. உங்க ரெண்டு பேருக்கும் சிறுநீர் பரிசோதனை இன்னைக்கே பண்ணணும்."

அதுவரை எனக்கு இது கடையை விடுவதா வேண்டாமா என்கிற வழக்கு. அந்த அறையில்தான் இது உயிர் வழக்கு என்று தெரிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு என்ன வந்தாலும் வரட்டும், இவளுக்கு மட்டும் இருக்கக் கூடாது என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சங்கரலிங்கத்தையும் கூப்பிட்டேன், கோமதியம்மனையும் கூப்பிட்டேன். தகடு போட்டதற்கெல்லாம் சேர்த்து இந்த ஒன்றைத் தா என்று உரிமையோடு கேட்டேன். மகள் ஏசிக் காற்றுக்குப் பயந்து துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள்.

அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் சிறுநீரில் லேசாகப் புரதம் ஒழுக ஆரம்பித்திருந்தது.

வீட்டுக்காரர் அங்கேயே அழுதுவிட்டார். "ஆரம்பந்தான். இன்டர்லூக்கினை நிறுத்திட்டா இதுவும் இத்தோட நிக்கலாம்" என்று டாக்டரம்மா அவருக்குத்தான் ஆறுதல் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். வயிற்றுக்குள் இவ்வளவு பெரிய நோயை வைத்துக்கொண்டு, சாக்கின் மேல் படுத்து, ஊரார் சிரிப்பையும் கேட்டுக்கொண்டு ஒரு மனிதர் கிடந்திருக்கிறார். மறுநாள் கடையும் திறந்திருக்கிறார்.

மரபணுப் பரிசோதனை முடிவு வரச் சில வாரங்களாகின. இருவருக்கும் அந்த எழுத்து மாறித்தான் இருந்தது. மகள் அதைக் காட்டி, ஏசி இல்லாத தன் அறையிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிவிட்டாள். அவளுக்குக் குளிரை விட்டு ஒதுங்குவதும், அவ்வப்போது ரத்தமும் சிறுநீரும் பார்ப்பதும் இப்போதைக்குப் போதும் என்றார்கள். எனக்கு ஊசி. இன்டர்லூக்கின் போய் உட்கார வேண்டிய இடத்தில் இந்த மருந்து முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும். செய்தி சுரக்கும், ஆனால் கேட்க ஆள் இருக்காது. தினமும் போட வேண்டும். நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்காது. டாக்டரம்மா எழுதிப் போட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாள். அதற்காக நாங்கள் அலைந்த அலைச்சலை எழுதமாட்டேன், எழுதினால் மறுபடி கோபம் வரும்.

மருந்து வந்த அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தெர்மாகோல் பெட்டி. சுற்றிலும் ஐஸ் பாக்கெட். அசல் எங்கள் மல்லிப் பெட்டி. குளிர் ஆகாதவளுக்குக் குளிரில் வைத்த மருந்து. பிரித்துப் பார்த்தேன். ஐஸ் நேராக மருந்தில் படாமல் நடுவில் அட்டை வைத்திருந்தார்கள். நாங்களும் மல்லிக்கு அப்படித்தான் வைப்போம், நேராகப் பட்டால் பூ கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வீட்டுக்காரர் பெட்டியைக் கையில் வாங்கி, "நல்லா கட்டியிருக்கான், ஒன் கடைக்கு வேலைக்கு எடுத்துக்கிடலாம்" என்றார். கடையை விடு என்று பேசுவதை அவர் நிறுத்திவிட்டார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, குளிர் விடும்வரை வெளியே வைத்து, வயிற்றில் நானே போட்டுக்கொள்கிறேன். முதல் சில வாரங்கள் போட்ட இடம் சிவந்து எரிந்தது. அவர் எட்டிப் பார்த்து, "இதுவும் பூநாகமா?" என்றார். போங்க அங்கிட்டு என்று விரட்டினேன். ஆனால் ஊசி ஆரம்பித்த இரண்டாம் நாள் சாயங்காலமே எனக்கு விசித்திரமாக இருந்தது. கணுக்கால் கனக்கவில்லை. கண் எரியவில்லை. சாயங்காலம் என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். எல்லோரும் அடித்துப் போட்ட மாதிரிதான் வீட்டுக்கு வருகிறார்கள், நான் மட்டும் அதைச் சொல்லிக்கொண்டு அழக் கூடாது என்று பல்லைக் கடித்திருந்தேன். இல்லையாம். மற்றவர்களுக்குச் சும்மா சாயங்காலமாகத்தான் ஆகுமாம்.

ஆடி முழுக்க அவர் என்னைக் கடையில் கொஞ்ச நேரம்தான் இருக்க விட்டார். கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் வந்து போனது. ஆவணியில் முதல் பெரிய முகூர்த்தம் வந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். போங்க, ஆனா ஈரத்தோட அதிக நேரம் நிக்காதீங்க என்றாள். சரி என்றேன். மார்க்கெட்டில் அது நடக்கிற காரியமா?

விடியும்போதே தென்காசிப் பக்கத்துச் சாரல் இங்கேயும் வந்துவிட்டது. குருவிகுளத்துக்காரர்களும் திருவேங்கடத்துக்காரர்களும் பைக்கில் நனைந்தபடி பூ மூட்டையோடு வந்து இறங்கினார்கள். மல்லி, பிச்சி, கேந்தி என்று கடை நிறைந்துவிட்டது. கேரளாவுக்குப் போகிற பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்தேன். தலையிலிருந்து கால்வரை தொப்பலாக நனைந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஏலத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளே பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடிக்கடி முழங்காலை மடக்கிப் பார்த்தேன். சட்டைக்குள் கைவிட்டு முதுகைத் தடவிப் பார்த்தேன். பத்து மணிக்குத் தோல் தோலாகவே இருந்தது. பதினொன்றுக்கும் அப்படியே.

மத்தியானம் ஆட்டோ சத்தம் கேட்டது. வீட்டுக்காரர்தான், கையில் அந்தக் கம்பளிப் போர்வை. ஊசி போட ஆரம்பித்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. கடை முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார், அத்தனை பேர் முன்னாலும்.

"சுடலையே" என்றார்.

"சுடாது. அந்தப் போர்வையை அங்கன வச்சிட்டு, இந்தப் பெட்டியை ஒரு கை பிடிங்க. வண்டி கெளம்பப் போவுது" என்றேன்.

மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது. போர்வையைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு, ஆபீஸ் சட்டையோடு பெட்டியைத் தூக்கினார்.

எதிர்க்கடை அண்ணாச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வயதாகிவிட்டது, ஆனால் வாய் இன்னும் ஓயவில்லை. பெட்டிகள் ஏறி, கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் அங்கிருந்தே சத்தம் கொடுத்தார். "என்ன தாயி, இன்னைக்கு முகூர்த்தக் காச்சல் வரலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வழக்கமாக நான் பதிலுக்கு ஏதாவது வெடுக்கென்று சொல்வேன். அன்றைக்கு எனக்குச் சத்தமே போட வரவில்லை. ரோட்டைக் கடந்து அவர் கடைக்குப் போனேன்.

"எனக்கு வரல அண்ணாச்சி. மருந்து போடுதேன், இனிமே வராது" என்றேன். "எங்கய்யாவுக்கு நெசமாவே வந்துச்சு."

அண்ணாச்சி என்னையே பார்த்தார். பிறகு, அய்யா படுத்துக் கிடந்த இடத்தை, அந்தச் சாக்குகளை, அதன் மேல் மடித்து வைத்திருந்த போர்வையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நாந்தான தாயி பேரு வச்சேன்" என்றார்.